‘எது அதிகமா ஏறும்?’ என்று கேட்கிற மகனுக்கு

மகனே என்று தொடங்கினால் நீ சிரிப்பாய். உன்னைவிட நான் பதினைந்து வயதுதான் மூத்தவன். உன் அறைத் தோழர்கள் என்னை உன் அண்ணன் என்று நினைக்கிறார்கள், உன் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்ட என்னை நீ மாமா என்று கூப்பிடுகிறாய், உன் அம்மா கோபம் வந்தால் நம் இரண்டு பேரையும் சேர்த்து ‘பசங்களா’ என்கிறாள். இருந்தாலும் உன் பள்ளிக்கூடத்திலும் பாலிடெக்னிக்கிலும் தலைகுனிந்து நின்று திட்டு வாங்கியது நான்தான். அந்த உரிமையில் மகனே என்று எழுதுகிறேன். சிரித்துவிட்டு மேலே படி.

நேற்று மத்தியானம் கடையில் நின்றுகொண்டு போன் செய்தாய். “மாமா, அன்லாக் ப்ராசசர் ரெண்டு கீது. ஒண்ணு நீலப் பொட்டி, ஒண்ணு சிவப்புப் பொட்டி. எது அதிகமா ஏறும்? பேர மட்டும் சொல்லுங்க.” எதற்குடா ஏற்ற வேண்டும் என்று கேட்டேன். “ஐயோ, ஆரம்பிச்சிட்டீங்களா. ஒண்ணு கேட்டா நீங்க ஒம்பது கேக்கறீங்க” என்று வைத்துவிட்டாய். இவ்வளவு நடந்த பிறகும், போன வாரம்தான் மண்ணூரில் அந்த முதலாளி முன்னால் நின்றுவிட்டு வந்த பிறகும், உன் முதல் கேள்வி ‘எது அதிகமாக ஏறும்’ என்பதாகவே இருக்கிறது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. போனில் உன்னோடு பேச முடியாது, எழுதப்போகிறேன், உன்னைப் போல இங்கே அறைக்கு அறை ஒருவன் இருக்கிறான், எல்லோரும் படிக்கிற மாதிரிதான் எழுதுவேன் என்று செய்தி அனுப்பினேன். “பேர் போடாதீங்க. வேற இன்னா வேணா எழுதிக்கோங்க” என்று பதில் போட்டாய். பெயர் போடவில்லை.

முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். அன்லாக் என்றால், வேகத்தை நீயே மாற்றிக்கொள்ள வழி விட்டிருக்கிறான், அவ்வளவுதான். அது ஏறும் என்று எவனும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே தட்டில் வார்த்த சில்லுகளைச் சோதித்து, நன்றாகத் தாங்குவதை ஒரு பக்கம், சுமாரானதை ஒரு பக்கம் என்று தரம் பிரித்துப் பெட்டியில் போடுகிறார்கள். ஒரே பெயர் போட்ட இரண்டு பெட்டியில் ஒன்று ஏறும், ஒன்று முக்கும். கடைக்காரனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, யூட்யூபில் கத்துகிறவனுக்கும் தெரியாது. அவன் கையில் வந்த சில்லு அவனுக்கு ஏறியது. அவன் அறையில் ஏசி இருந்தது. உன் அறைக்கு மேலே இருப்பது தகரம். சித்திரை வெயிலில் அந்த அறைக்குள்ளேயே மனிதன் வதங்குகிறான், அதே காற்றைத்தானே உன் ஃபேன் இழுத்து ப்ராசசர் மேல் ஊதும்? வெளிக்காற்று குளிர்ந்திருந்தால்தான் உள்ளே சூட்டை இறக்க முடியும். இதை நீ தெர்மல் பாடத்தில் படித்துப் பாஸ் செய்தாய். கேள்வித்தாளில் எழுதியது அறைக்கும் பொருந்தும் என்று யாராவது உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

இன்னொன்று. இப்போது வருகிற ப்ராசசர்களைக் கம்பெனிக்காரனே முடிந்த அளவுக்கு ஏற்றித்தான் பெட்டியில் போடுகிறான். சூடு இடம் கொடுத்தால் தானே ஏறும், சூடானால் தானே இறங்கும். அதற்கு மேல் நீ கசக்கிப் பிழிந்து எடுப்பது ஒரு கரண்டி. அந்த ஒரு கரண்டிக்காகப் பெரிய கூலர், பெரிய பவர் சப்ளை, வோல்டேஜ் பகுதி கனமாக இருக்கிற மதர்போர்டு எல்லாம் வேண்டும். நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். ப்ராசசரைப் பெரிதாக வாங்கிவிட்டு மதர்போர்டுக்கான காசில் கை வைப்பாய். ஒல்லியான போர்டில் அன்லாக் ப்ராசசரை மாட்டி வேகத்தை ஏற்றுவது, ஸ்கூட்டர் டயரில் லாரிச் சரக்கை ஏற்றுவது. கொஞ்ச தூரம் போகும். ஆகவே வேகத்தை மாற்ற முடியாதபடி லாக் போட்டதையே வாங்கு. கோர் அதிகம் இருக்கிறதைப் பார். மிச்சக் காசை மெமரியில் போடு, அச்சுக் கணக்குப் போடுகிற உன் மோல்டு வேலைக்கு அதுதான் பசி. நல்ல கூலர் வாங்கு, அது ஏற்றுவதற்கு இல்லை, எப்போதும் ஒரே வேகத்தில் நிற்பதற்கு. உன் அறை வாசல் ரோட்டில் லாரி கிளப்புகிற புழுதிக்கு ஒரு வடிகட்டி வலை மாட்டு. கேம் விளையாட வேண்டுமா, நண்பனோடு பந்தயமா, அதற்கென்று தனியாக ஒன்று வாங்கி எரியும்வரை ஏற்றிக்கொள், நானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். எனக்கும் அதில் ஆசை உண்டு. அடுத்தவன் இரும்பை வெட்டப்போகிற கணக்கை அதில் போடாதே.

நாலாம் வகுப்பில் நீ என்னிடம் கேட்ட ஒரு கேள்வி நினைவிருக்கிறதா? வாலாஜாபாத்தில் நாம் இருந்த காம்பவுண்டில் அஞ்சு குடித்தனத்துக்கும் ஒரே போர் மோட்டார். கோடையில் தண்ணீர் இறங்கினால் மோட்டார் முக்கும், ஸ்டார்ட்டருக்குள் இருக்கிற ரிலே பட்டென்று ஆஃப் செய்துவிடும். காம்பவுண்டுக்காரர்கள் விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்து, பச்சைப் பட்டன் மேலே வராமல் சொருகி வைத்துவிடுவார்கள். நான் பிடுங்கிப் போடுவேன், மறுபடி சொருகுவார்கள். உன் அம்மாவும் சொருகுவாள். “குச்சி வெச்சா ஓடுது. உனுக்கு இன்னா நோவுது? வேலைக்குப் போற எடத்துல காட்டு உன் ரிலேவெல்லாம்” என்பாள். நீ டவுசரைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்தபடி, “மாமா, அது ஏன் தானா நிக்கிது?” என்று கேட்டாய். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அதுவரை நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. முதல் வார்த்தையே சரியான கேள்வி. ‘உள்ள எரியக் கூடாதுன்னு நிக்கிது’ என்றேன். மறுநாளும் குச்சி சொருகினார்கள், மோட்டார் எரிந்தது, காம்பவுண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்கு நின்றது. நீதான் வரிசையில் நின்றவர்களிடம் எல்லாம் ‘எங்க மாமா அப்பவே சொன்னாரு’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். அம்மாவிடம் அடி வாங்கினாய்.

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று? இங்கே வந்ததுதான் ஆயிற்று. வல்லம் வடகாலில் நான் மெயின்டனன்ஸ் பார்க்கிற, தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில், ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் பேனலைத் திறந்து நான் பிடுங்கிப் போடுகிற ஜம்பர் ஒயரைச் சேர்த்தால் ஒரு வீட்டுக்கு ஒயரிங் செய்யலாம். கதவு சரியாக மூடாவிட்டால் மெஷின் நிற்கும். கை உள்ளே இருந்தால் நிற்கும். நின்றால் ஷிஃப்ட்டுக்கு இத்தனை என்கிற கவுன்ட் போகிறது. கவுன்ட் போனால் சூப்பர்வைசருக்கு மேலே இருந்து போன். ஆகவே சென்சாரின் இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு துண்டு ஒயர், சென்சார் ‘எல்லாம் சரி’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்டால், “சார், அது சும்மா சும்மா ட்ரிப் ஆவுது சார், சென்சார் சரியில்ல” என்பார்கள். நின்றால் மெஷினுக்குத்தான் கோளாறு என்று இந்தக் கம்பெனி ரோடு முழுக்க ஒரு நம்பிக்கை. நீயும் ஆறு மாதம் பயிற்சிக்கு என்று ஒரு உற்பத்தி லைனில் நின்றாய். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்ததை அந்த ஆறு மாதத்தில் மறந்து, இதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டு வந்தாய்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ கான்ட்ராக்டில் லைனில் நிற்கிறவன். மண்ணூரில் அச்சு வெட்டுகிற ஒரு டூல்ரூம் முதலாளி உன் டிசைன் படங்களைப் பார்த்துவிட்டு, வண்டி விளக்குக்குப் பின்னால் வருகிற ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கொடுத்தார். “தம்பி, இதுக்கு மோல்டு எப்புடி நெறையும்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டு. சரியா வந்தா டிசைன்ல உக்கார வெக்கிறேன். லைன்ல நின்னது போதும்.” உருகின பிளாஸ்டிக் அச்சுக்குள் எந்த வழியாக ஓடும், எந்த மூலையில் காற்று அடைத்துக்கொள்ளும் என்று கணக்குப் போடுகிற வேலை. அதை நம்பித்தான் அச்சுக்கு இரும்பை வெட்டுவார்கள். வெட்டிய பிறகு இரும்பு திரும்பி வளராது. உன் பழைய கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கு நாள் கணக்கில் ஓடியது, நீ வேகத்தை ஏற்றினாய். தொங்கியது. வோல்டேஜை ஏற்றினாய். சூடாகித் தானே அணைந்தது. அங்கேதான் நீ நின்று யோசித்திருக்க வேண்டும். நீ என்ன செய்தாய்? கம்ப்யூட்டரின் அடி அமைப்பான பயாஸுக்குள் போய், சூட்டில் அணைகிற அளவைத் தூக்கி வைத்தாய், வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கினாய். அப்புறம் நிற்கவே இல்லை என்று எனக்குப் பெருமையாகச் செய்தி வேறு அனுப்பினாய். விளக்குமாற்றுக் குச்சியைப் பயாஸில் சொருகின ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய்.

தொங்குகிற கம்ப்யூட்டர் நல்லது. நீலத் திரை காட்டிச் சாகிறது இன்னும் நல்லது. தன்னால் முடியவில்லை என்று அது சொல்லிவிடுகிறது. பசி மயக்கத்திலும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிற கம்ப்யூட்டர்தான் ஆபத்து. வேகத்துக்கு ஏற்ற வோல்டேஜ் இல்லாமல் சூட்டில் ஓடுகிற ப்ராசசர், எங்கோ ஓரிடத்தில் ஒரு கூட்டலைத் தப்பாகப் போடும். போட்டுவிட்டு நிற்காது, அந்தத் தப்பின் மேல் அடுத்த கூட்டலைப் போடும். கடைசியில் அழகாகக் கலர் கலராகப் படம் வரும். காலையில் அறை குளிர்ந்திருக்கும்போது கொஞ்ச நேரம் சோதனை ஓட்டி, பாஸ் என்று வந்ததை நம்பினாய். மத்தியானத் தகரச் சூட்டில் அது என்ன செய்யும் என்று நீ சோதிக்கவில்லை.

உன் அறையில் இருக்கிற முத்து கூப்பிட்டுச் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், கார் சீட் கம்பெனியில் வேலை. “அண்ணே, நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. இவன் ரெண்டு நாளா சாப்புட மாட்டேங்கான். இவன் கம்ப்யூட்டரப் பாக்கான், கம்ப்யூட்டர் இவனப் பாக்கு. எனக்குப் பயமா இருக்குண்ணே.” ஞாயிற்றுக்கிழமை வந்தேன். நீ திரையில் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாய். ஒரே ஃபைல், ஒரு புள்ளி மாற்றவில்லை, இரண்டு முறை ஓட்டியிருக்கிறாய். ஒன்றில் மூலை நன்றாக நிறைந்திருந்தது. இன்னொன்றில் அதே மூலையில் காற்று.

“எதுடா சரி?”

“தெரியல மாமா.”

“முதலாளிக்குக் குடுத்தது எது?”

“நல்லா இருந்தத.”

“எப்ப வெட்றாங்க?”

“நாளைக்குக் காலையில.”

நான் கத்தினேன். பக்கத்து அறைக்காரன் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். நீ தலையைத் தூக்காமல் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. “வேகமா ஒரு ப்ராசசர் இருந்தா இன்னிக்குள்ள ஓட்டிப் பாத்துடலாம் மாமா. சரியா வந்துட்சின்னா அவர்கிட்ட சொல்லவே வேணாம்.” முத்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, “ஏலே, கூறுகெட்டவனே, போய்ச் சொல்லுலே மொதல்ல. அவரு இரும்ப வெட்டுனப்புறம் நீ போய் ஒட்டவா போற?” என்றான். நீ அவனை முறைத்தாய். “வேல போய்டும்டா. திரும்ப லைன்ல நிக்கணும். நீயா நிப்ப எனக்குப் பதிலா?” என்றாய். “நான்தான் ஏற்கெனவே நிக்கேனே. உனக்கும் சேத்து வேற நிக்கணுமா?” என்று அவன் ஒரு இட்லியை உன் வாயில் திணித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கத்திக்கொண்டிருக்கிற ஆள் சிரித்தால் கத்தினது வீணாகிவிடும்.

உன் பயம் பொய் இல்லை, அதை நான் மறுக்கமாட்டேன். லைனில் நிற்கிறது என்ன என்று எனக்குத் தெரியும், நானும் நின்றவன். அந்த ரோட்டில் ‘முடியவில்லை’ என்று சொல்கிறவனை யாரும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பதில்லை. ‘ஆகும் சார், ஆய்டும் சார், நாளைக்கே சார்’ என்று சொல்லிப் பழகின வாய் உனக்கு. என் லைனில் இருக்கிற பையன்கள் எல்லோருக்கும் அதே வாய். உங்களை அப்படிப் பழக்கினவர்கள் மேல்தான் என் கோபத்தில் பாதி. அவர்கள் யாரும் என் கடிதத்தைப் படிக்கப்போவதில்லை, ஆகவே மொத்தமும் உன் மேல் விழுகிறது. தாங்கிக்கொள்.

திங்கட்கிழமை காலை மண்ணூருக்கு என் வண்டியில்தான் போனோம். முந்தின நாள் ராத்திரியே போன் செய்யச் சொன்னேன். நேரில் போய்ச் சொல்கிறேன் என்று அடம்பிடித்தாய், ஷிஃப்ட்டுக்கு ஆள் மாற்றிவிட்டு நான் வருவதற்குள் நேரமாகிவிட்டது. அதற்குள் அங்கே மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. கேட்டுக்கு வெளியிலேயே எனக்குச் சத்தம் கேட்டது. கனமான வெட்டு, இரும்பு வாய்விட்டுக் கத்துகிற சத்தம். நீ வண்டியிலிருந்து இறங்கி, “நீங்க உள்ள வராதீங்க மாமா. வந்தா நீங்களே பேசிடுவீங்க” என்றாய். உண்மைதான், பேசியிருப்பேன். எதிரே டீக்கடையில் நின்றேன். டீ வாங்கினேனே தவிர குடிக்கவில்லை. நீ உள்ளே போய் எவ்வளவு நேரமோ மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. இவன் சொல்லவில்லை, ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு நிற்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கக் காலை எடுத்தேன். அப்போது அந்தச் சத்தம் நின்றது.

ஒரு மெஷின் நின்றால் ஓடுகிறவன் நான். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன், உன் அம்மாவின் பிறந்தநாளில் கோவில் வாசலிலிருந்து ஓடியிருக்கிறேன். அன்றைக்கு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். டீக்கடைக்காரர், “இன்னா சார், கரண்டு போய்ட்சா?” என்று கேட்டார். இல்லை என்று மட்டும் சொன்னேன். பிறகு முதலாளியின் குரல் கேட்டது. நன்றாகவே கேட்டது. “ராத்திரியே ஒரு போன் போட்டா கொறஞ்சா பூடுவ? ஆங்? அந்த மூலைக்கு இன்னும் கத்தி போவல, பொழச்ச. போயிருந்துச்சின்னா இந்த இரும்புக் கட்டைய உன் தலையிலயே வெச்சி அனுப்பியிருப்பேன்!” நீ காது சிவக்க வெளியே வந்தாய். வேலை உண்டா இல்லையா என்று கேட்டேன். “தெரியல. திரும்ப ஓட்டிக் குடு, அப்பால பாக்கலாம்னாரு. எப்ப குடுப்பன்னு கேட்டாரு.”

“நீ இன்னா சொன்ன? நாளைக்கேன்னியா?”

“ரெண்டு வாட்டி ஓட்டி, ரெண்டும் ஒண்ணா வந்தாதான் குடுப்பேன்னு சொன்னேன் மாமா. வண்டிய எடுங்க.”

வண்டியை எடுத்தேன். வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் ஏதாவது பாராட்டிவிடுவேன், நீ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அடுத்த தப்பைச் செய்வாய் என்று பேசவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், “சொன்னான் இல்ல, அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்ச இப்புடி வெச்சிக்கினு கீற? நீயும் அவனும் ஒரே அச்சுல வார்த்த மாதிரிதான் கீறீங்க” என்றாள். இருக்கட்டும்.

இப்போது விஷயம் இதுதான். அந்த வேலை உனக்குக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைக்க வேண்டும் என்று உன்னைவிட எனக்கு ஆசை, ஆகவே ‘போனால் போகட்டும்’ என்று பெரிய மனிதன் மாதிரி எழுதமாட்டேன். லாக் போட்ட ப்ராசசரில் ஒரு ஓட்டம் முடியவே நாளாகும், இரண்டு ஓட்டம் என்றால் இன்னும் ஆகும். நடுவில் அவர் கூப்பிடுவார். கட்டாயம் கூப்பிடுவார், அவர் மெஷின் சும்மா நிற்கிறது. ‘இன்னா தம்பி, ஆச்சா?’ என்பார். ‘ஓடிக்கினு கீது சார், இன்னும் முடியல’ என்று சொல். சொல்லிவிட்டு அவர் போனை வைக்கும்வரை சும்மா இரு. அவர் உடனே வைக்கமாட்டார். அந்த அமைதியில் உன் நாக்கு நுனியில் ‘நாளைக்கு’ என்ற சொல் தானாக வந்து உட்காரும். அதை விழுங்கு.